நாற்பத்தாறாம் நாள் சமத்துவம்

மனித குலம் பல்லாயிரம் ஆண்டுகளாக முட்டி மோதியும் ஒழிக்க முடியாத பாகுபாட்டை, பால்டிமோர் துறைமுகத்தின் தென்கரையில் இருக்கும் மத்திய மிதவை வாரியம் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே ஒழித்துவிட்டது. புரட்சி இல்லை. ஊர்வலம் இல்லை. ஒருவர் மூக்கிலும் ரத்தம் வரவில்லை. சுவரில் ஒரு நாட்காட்டியை மாட்டியே ஒழித்தார்கள்.

வழிமுறை எளிமையானது. நிறத்தாலோ வயதாலோ பெண் என்பதாலோ ஓர் ஊழியருக்கு அநீதி நடந்தால், அவர் நாற்பத்தைந்து நாளுக்குள் சமத்துவ அலுவலகத்தின் ஆலோசகரைத் 'தொடர்புகொள்ள' வேண்டும். நாற்பத்தைந்தாம் நாள் மாலை வரை அது அநீதி. நாற்பத்தாறாம் நாள் விடிந்தால் அது 'முன்னர் நடந்த ஒரு சம்பவம்'. சம்பவங்களுக்கு யாரும் பொறுப்பில்லை. 'காலக்கெடு' என்ற சொல்லில் 'கெடு' எதற்காக இருக்கிறது என்று புரியாதவர்கள் இந்த வாரியத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கலாம்.

டெல்ஃபீன் ப்ராடஸுக்கு இந்த மகத்தான சாதனையைப் பற்றி நெடுநாள் தெரியாது. தெரிந்துகொள்ள நேரமும் இல்லை. விரிகுடாவில் கப்பல்களுக்கு வழி காட்டும் சிவப்பு, பச்சை மிதவைகளைத் தூக்கி, ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டி, சங்கிலி மாற்றி, பெயின்ட் அடித்து, மறுபடியும் தண்ணீரில் இறக்கும் கப்பலில் அவளுக்கு இருபத்திரண்டு வருட வேலை. கறுப்பினப் பெண், வயது ஐம்பத்தாறு. பழைய மேஸ்திரி ஓய்வு பெற்றதும் அடுத்தது அவள்தான் என்று கப்பலில் எல்லோருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போனால் அங்கேயும் தெரிந்திருந்தது. "மேஸ்திரி வந்தாச்சு" என்று பாடகர் குழுப் பெண்கள் எழுந்து கை தட்டினார்கள்.

இயக்குநர் கேரிசன் பெல் அவர்களிடம் அவள் கேட்டபோதெல்லாம், "முடிவு இன்னும் ஆகல டெல்ஃபீன். பொறுமையா இருங்க. உங்களை மறப்போமா?" என்றார்.

மறக்கவில்லைதான். ஒரு திங்கட்கிழமை காலையில் மேஸ்திரியின் வெள்ளைத் தலைக்கவசத்தோடு ப்ராண்ட்லி கோஃபீல்டு கப்பலேறினான். வெள்ளையன், வயது இருபத்தொன்பது. சங்கிலிக்குக் கொக்கி போடுவதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே டெல்ஃபீன்தான். துறைமுகத்தைத் தாண்டியதும் அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலுக்குத் தன் காலை உணவை வழங்கினான். 'பாகு' அவனுக்கு, 'பாடு' அவளுக்கு என்று பாகுபாட்டைச் சரிபாதியாகப் பிரித்திருந்தார்கள்.

"மிஸ் டெல்ஃபீன், சத்தியமா நான் கேக்கல. அவங்களே கூப்பிட்டுக் குடுத்தாங்க" என்றான், வெளுத்த முகத்தோடு.

"தெரியும் தம்பி. மொதல்ல போய் வாயைக் கழுவு."

கரை வந்ததும் அவள் நேராக இயக்குநர் அறைக்குப் போனாள்.

பெல் எழுந்து நின்று வரவேற்றார். "உக்காருங்க டெல்ஃபீன். கஷ்டமாத்தான் இருக்கும். குழுவுக்கு ஒரு புது 'ஆற்றல்' தேவைப்பட்டுச்சு. அவ்வளவுதான்."

"அந்த ஆற்றல் இன்னிக்குக் காலையில கடல்ல கொட்டிருச்சு சார். இது எப்போ முடிவாச்சு?"

"அது ஆச்சு கொஞ்ச நாள். உங்க மனசு நோகுமேன்னு சொல்லல."

"கொஞ்ச நாள்னா?"

"இன்னியோட நாற்பத்தெட்டு."

"அவ்வளவு கச்சிதமா ஞாபகம் வச்சிருக்கீங்களே?"

"எல்லாம் உங்க மேல இருக்கற அக்கறைதான்" என்றார் பெல். அந்தக் கருணையை இன்றும் வாரியத்தில் பேசிக்கொள்கிறார்கள்.

சமத்துவ அலுவலகம் இரண்டாம் மாடியின் கோடியில், நகல் எடுக்கும் இயந்திரத்துக்கும் துடைப்பங்கள் வைக்கும் அறைக்கும் நடுவில் இருந்தது. சுவரில் பெரிய பலகை: 'பாகுபாட்டுப் புகார்கள்: 0. தொடர்ந்து பதினோராம் ஆண்டு.' அதன் கீழே, கழுத்தில் வண்ணத்துப்பூச்சி போன்ற டை கட்டிய மெலிந்த மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர்தான் ஆலோசகர் வெண்டல் ஸ்டூக்ஸ். அவரும் கறுப்பர்தான், ஓய்வை நெருங்கும் வயதுதான். பார்த்ததும் டெல்ஃபீனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"வாங்க, உக்காருங்க. உங்க வலியை நான் முழுசா உணர்றேன்" என்றார் ஸ்டூக்ஸ். "தேதி என்ன?"

"எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

"தெரிஞ்ச தேதி வேண்டாம்மா. தெரிஞ்சிருக்க வேண்டிய தேதி."

"சொல்லாத விஷயம் எனக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?"

"நியாயமான ஒரு ஆளுக்கு நியாயமா சந்தேகம் வந்திருக்கணும்ல? இருபத்திரண்டு வருஷமா இங்க இருக்கீங்க. கறுப்பு. பொம்பளை. வயசும் ஆகுது. ஒரு தடவைகூடவா சந்தேகம் வரல?"

"வராம? தினமும் வந்துச்சு. வேலைக்குச் சேர்ந்த மொத நாளே வந்துச்சு."

ஸ்டூக்ஸின் முகத்தில் உண்மையான துக்கம் படர்ந்தது. "அப்போ நீங்க இருபத்திரண்டு வருஷம் லேட்டு."

"சரி. சந்தேகமே வரலைன்னு வச்சுக்குங்க."

"சந்தேகமே வரலைன்னா புகார் எதுக்கும்மா?"

ஸ்டூக்ஸ் மேசை மேல் இருந்த மிட்டாய்க் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "மனசு தளராதீங்க. இதுல ஒரு நல்ல விஷயமும் இருக்கு. ஒவ்வொரு புது அநியாயத்துக்கும் புதுசா நாற்பத்தஞ்சு நாள் உண்டு."

"அதாவது, நான் போய் இன்னொரு தடவை அவமானப்பட்டுட்டு வரணும்."

"நான் அப்படிச் சொல்லுவேனா? விதி சொல்லுது."

அந்த ஞாயிற்றுக்கிழமையும் தேவாலயத்தில் கை தட்டினார்கள். இல்லை, நான் மேஸ்திரி இல்லை என்று சொல்ல டெல்ஃபீனுக்கு வாய் வரவில்லை. மற்றவர்களோடு சேர்ந்து தானும் கை தட்டினாள். அடுத்த வாரம் முழங்காலில் வலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

ஆனால் முழங்கால் வலியைச் சாக்காக வைத்துப் படுத்துக்கிடப்பவள் அல்ல அவள். இரண்டே மாதத்தில் விளக்கு மிதவைப் பிரிவில் துணை மேஸ்திரி இடம் காலியானது. விண்ணப்பித்தாள். நடைபாதையில் எதிர்ப்பட்ட பெல், "அது உங்களுக்கு வராதும்மா. வீணா ஆசையை வளர்த்துக்காதீங்க" என்று தோளைத் தட்டிக்கொடுத்துப் போனார். டெல்ஃபீன் ஈர பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. படிக்கட்டெல்லாம் சேறாக இரண்டாம் மாடிக்கு ஓடினாள்.

"இப்போ நடந்தது மிஸ்டர் ஸ்டூக்ஸ். இப்போ, இந்த நிமிஷம்."

ஸ்டூக்ஸ் பரிவோடு கேட்டுக்கொண்டார். "உத்தரவு வந்துருச்சா?"

"இல்ல. வாயால சொன்னார்."

"அடடா. ரொம்ப சீக்கிரம் வந்துட்டீங்களே. இது வெறும் பேச்சு. நடக்காத அநியாயத்துக்குப் புகார் வாங்கினா எங்க அலுவலகத்தோட மானம் என்னாகும்?"

"சரி, உத்தரவு எப்போ வரும்?"

"அது உங்களுக்குத் தெரியாது."

"தெரியாம நான் எப்படி…"

"தெரிஞ்சிருக்கணும்" என்றார் ஸ்டூக்ஸ், மிட்டாய்க் கிண்ணத்தை நகர்த்தியபடி.

அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுக்கும் உத்தரவில் கையெழுத்தான மறுநாள், தலைநகரில் வரவு செலவுச் சண்டை முற்றி அரசாங்கத்தையே இழுத்து மூடினார்கள். கப்பல் நின்றது. வாசலில் காவலாளி நின்றான். காபி இயந்திரமும் நின்றது. நாட்காட்டி மட்டும் நாட்டுப்பற்றோடு தினமும் வேலைக்கு வந்தது. திரும்பத் திறந்த அன்று டெல்ஃபீன் போய் நின்றபோது கெடு தாண்டியிருந்தது.

"பூட்டுன கதவை நான் எப்படித் தட்றது?"

"கதவுக்கு அடியில ஒரு சீட்டாவது தள்ளியிருக்கலாமே?"

"தள்ளினேனே!"

ஸ்டூக்ஸ் எட்டிப் பார்த்தார். "கூட்றவங்க எடுத்துப் போட்டிருப்பாங்க. விதிப்படி, நீங்க துடைப்பத்தைத்தான் தொடர்பு கொண்டிருக்கீங்க."

அன்று இரவெல்லாம் அவள் அழுதிருப்பாள் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றம்தான். நன்றாகத் தூங்கினாள். தூங்கி எழுந்ததும் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். முந்திப் போனால் இன்னும் வரவில்லை என்கிறார்கள், பிந்திப் போனால் போய்விட்டது என்கிறார்கள். ஆகவே அங்கேயே இருந்துவிடுவது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு சமத்துவ அலுவலகக் கதவு தட்டப்பட்டது.

"காலை வணக்கம் மிஸ்டர் ஸ்டூக்ஸ். தொடர்பு கொள்றேன்."

"என்ன புகார்?"

"இன்னும் இல்ல. பத்து மணிக்கு மேல வரும்."

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். முதல் வாரம் ஸ்டூக்ஸ் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். தினமும் வரக்கூடாது என்று எங்கும் இல்லை. அப்படி ஒருத்தி கிளம்புவாள் என்று எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்கவில்லை. இரண்டாம் வாரம் அவளுக்கும் சேர்த்துக் காபி போட்டு வைத்தார். மூன்றாம் வாரம் அவள் பொரித்த மீன் வைத்த ரொட்டி வாங்கி வந்தாள். பதினோரு வருடமாக அந்த அறைக்கு இரண்டு தடவைக்கு மேல் வேறு யாரும் வந்ததில்லை. மனிதர் பேச ஆளில்லாமல் காய்ந்து கிடந்தார்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க" என்றாள் ஒருநாள். "உங்களுக்கு நடக்கலையா? இவ்வளவு வருஷத்துல?"

ஸ்டூக்ஸ் ரொட்டியைக் கீழே வைத்தார். "நடந்துச்சு. மண்டல அதிகாரி பதவி. எனக்குத்தான் வரணும். பெல்லோட சிநேகிதருக்குப் போச்சு."

"அப்போ புகார் குடுத்திருக்கலாமே!"

"குடுத்தேன். வேலை மும்முரத்துல தேதியைப் பார்க்கல. பார்த்தப்போ நாற்பத்தாறு."

"யாரு தள்ளுபடி பண்ணினா?"

"நான்தான். இங்க ஆலோசகர் நான் ஒருத்தன்தானே. ரொம்ப மரியாதையா ஒரு பதில் எழுதி, கையெழுத்துப் போட்டு, எனக்கே குடுத்தேன்."

"படிச்சுப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். எதிர்த்துப் பேச முடியல. அவ்வளவு நல்லா எழுதியிருந்தேன்."

டெல்ஃபீன் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஸ்டூக்ஸ் முதலில் முறைத்தார். பிறகு அவரும் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அது சிரிப்பில் வந்த நீரா என்பது அலுவலகப் பதிவில் இல்லை.

கோடை வந்தது. வாரியத்தின் வருடாந்திர நண்டு விருந்தும் வந்தது. படகுத்துறையில் நீள மேசைகள் போட்டு, செய்தித்தாளை விரித்து, காரப்பொடி அப்பி வேகவைத்த நண்டுகளைக் குவித்து, ஆளுக்கொரு மரச் சுத்தியல் கொடுத்தார்கள். பதவியில் உயர்ந்தவரும் தாழ்ந்தவரும் ஒரே மேசையில் ஒரே மாதிரி நண்டை உடைப்பார்கள் என்பதால், வாரியம் இதைச் சமத்துவ நடவடிக்கைகளின் கணக்கில் சேர்த்திருந்தது.

கோஃபீல்டு அந்த வாரம்தான் வேலையை விட்டிருந்தான். போகும்போது டெல்ஃபீனைக் கட்டிக்கொண்டு, "நிலத்துல ஏதாவது பார்த்துக்கறேன் மிஸ் டெல்ஃபீன்" என்று சொல்லிவிட்டுப் போனான். ஆகவே மேஸ்திரி நாற்காலி மறுபடியும் காலி. பெல் பீர்க் கோப்பையோடு பெஞ்சின் மேல் ஏறி நின்றார்.

"நண்பர்களே, ஒரு நல்ல செய்தி! இன்னிக்குக் காலையில உத்தரவுல கையெழுத்துப் போட்டுட்டேன். நம்ம புது மேஸ்திரி, டக்கர் லின்ஃபோர்டு!"

கோடியில் நின்ற ஓர் இளைஞன் வெட்கத்தோடு கையை உயர்த்தினான். அவன் அலுவலகத்தில் எழுதுபொருள் பிரிவில் இருந்தவன். மிதவையைப் படத்தில் பார்த்திருக்கிறான்.

யாரோ சத்தம் போட்டார்கள். "மிஸ் டெல்ஃபீன் என்ன ஆனாங்க?"

பெல்லுக்கு மனம் நிறைந்திருந்தது. பீரும் நிறைந்திருந்தது. "டெல்ஃபீனா? டெல்ஃபீன் இந்தக் கப்பலுக்கு அம்மா மாதிரி! அம்மாவை யாராவது மேஸ்திரி ஆக்குவாங்களா? இந்த வயசுல, ஒரு பொம்பளை, பத்து ஆம்பளைங்களை வேலை வாங்கிக்கிட்டு… பார்க்கவே நல்லா இருக்காது. அவங்க நிம்மதியா இருக்கணும்னுதான் நான் அவங்களைக் கணக்குலயே எடுக்கல. அம்மாவுக்காக ஒரு 'சியர்ஸ்'!"

நாலைந்து கோப்பைகள் பழக்கத்தில் உயர்ந்து, பாதி வழியில் நின்றன. டெல்ஃபீன் எழுந்தாள். கை முழுதும் காரப்பொடி. பெல்லை அவள் பார்க்கவே இல்லை. எதிர் மேசையில் நண்டுக் காலோடு போராடிக்கொண்டிருந்த ஸ்டூக்ஸைப் பார்த்தாள்.

"மிஸ்டர் ஸ்டூக்ஸ். கேட்டீங்களா?"

ஸ்டூக்ஸின் சுத்தியல் அந்தரத்தில் நின்றது.

"உத்தரவு இன்னிக்கு. காரணம் இப்போ. நான் தொடர்பு கொள்றேன்."

ஸ்டூக்ஸ் பெல்லைப் பார்த்தார். ஓய்வூதியத்துக்கு இன்னும் நாலு வருடம் இருந்தது. பிறகு நண்டைக் கீழே வைத்து, ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"கேட்டேன்" என்றார். "புகாரை ஏத்துக்கறேன்."

"யோவ் ஸ்டூக்ஸ்! இது விருந்துய்யா!" என்றார் பெல், பெஞ்சிலிருந்து இறங்கியபடி.

"விருந்துக்கு விலக்கு உண்டான்னு விதியில தேடிட்டேன் சார். ரொம்ப நாள் முன்னாடியே தேடிட்டேன். இல்ல."

இப்படியாக, வாரிய வரலாற்றிலேயே முதன்முறையாக ஒரு புகார் சரியான நேரத்தில் வந்து சேர்ந்தது. சுவர்ப்பலகையில் 0 போய் 1 வந்தது. பெல் அன்று ஒரு துக்கவீட்டுக்காரரைப் போல நடமாடினார்.

அடுத்து வாரியத்தின் முறை. விசாரணையை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று அதே விதிப் புத்தகத்தில் இருந்தது. ஒரு வருடம் கழிந்த பிறகு டெல்ஃபீன் வாரியத்தின் வழக்கறிஞரைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"கெடு முடிஞ்சு போச்சே சார்?"

"உங்களுக்கு இருக்கறதுதாம்மா கெடு. எங்களுக்கு இருக்கறது 'இலக்கு'. இலக்குன்னா அதை நோக்கிப் போய்க்கிட்டே இருக்கறது."

இரண்டு வருடம் அதை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தார்கள். ஆனால் விருந்தில் முப்பது பேர் கேட்டிருந்தார்கள். முப்பது பேரும் மாற்றிச் சொல்ல மறுத்தார்கள். கடைசியில் வாரியம் சமரசத்துக்கு வந்தது. டெல்ஃபீன் மேஸ்திரியானாள். டக்கர் லின்ஃபோர்டு மகிழ்ச்சியோடு எழுதுபொருள் பிரிவுக்குத் திரும்பினான். பெல்லுக்குத் தக்க தண்டனை கிடைத்தது: தலைநகருக்குப் பதவி உயர்த்தி, நாடு முழுவதற்குமான 'சமத்துவ ஆலோசனைக் குழு'வில் போட்டார்கள். அனுபவம் உள்ளவர் வேண்டும் அல்லவா?

அந்த ஞாயிற்றுக்கிழமை டெல்ஃபீன் முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். பாடகர் குழுப் பெண்கள் கை தட்டியபோது இந்தத் தடவை அவள் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டாள்.

வாரியம் அவளைப் பற்றிப் பெருமைப்பட்டது. புதிதாகச் சேர்ந்த ஊழியர்களுக்கான பயிற்சி நாளில், 'அமைப்பு வேலை செய்கிறது என்பதற்கு உயிருள்ள சான்று' என்று அவளைப் பேச அழைத்தது. தலைமை விருந்தினர் தலைநகரிலிருந்து வந்த திருவாளர் பெல். அவர் கண் கலங்க அறிமுகம் செய்தார். "டெல்ஃபீனோட நாங்க எல்லாரும் சேர்ந்துதான் இந்த வெற்றியை அடைஞ்சோம். சொல்லுங்க டெல்ஃபீன், நம்ம வாரியத்துல பாகுபாடு இருக்கா?"

"இல்ல சார்" என்றாள் டெல்ஃபீன்.

பலத்த கைதட்டல்.

"நேத்து வரைக்கும் இருந்துச்சு. நாளையிலேர்ந்து இருக்கும். நீங்க புகார் குடுக்கப் போற அன்னிக்கு மட்டும் இருக்காது. அதனால பிள்ளைங்களா, என்னிக்குப் போறதுன்னு யோசிக்காதீங்க. தினமும் போங்க. காலையில எட்டு மணி. ரெண்டாவது மாடி. காபி நல்லா இருக்கும்."

மறுநாள் காலை ஸ்டூக்ஸ் மாடியேறி வந்தபோது வரிசை நகல் இயந்திரத்தைச் சுற்றி, படிக்கட்டில் இறங்கி, படகுத்துறை வரைக்கும் நின்றது. புது ஆட்கள் மட்டுமில்லை. பத்து, பதினைந்து வருடம் வேலை பார்த்தவர்களும் நின்றார்கள். வண்ணத்துப்பூச்சி டையைச் சரிசெய்துகொண்டு, "ஒவ்வொருத்தரா வாங்க" என்றார் அவர். அவர் முகத்தில் கல்யாண வீட்டுக்காரரின் களை இருந்தது.

தலைநகருக்குத் திரும்பக் கிளம்பிக்கொண்டிருந்த பெல் ஜன்னல் வழியாகப் பார்த்தார். நிலைமையின் தீவிரத்தை உணர்ந்து மதியத்துக்குள் நடவடிக்கை எடுத்தார். சமத்துவ அலுவலகக் கதவில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. டெல்ஃபீன்தான் வரிசைக்குக் கேட்கும்படி அதை உரக்கப் படித்தாள்:

'ஊழியர்களின் பேராதரவை முன்னிட்டு, இனி ஆலோசகரைத் தொடர்புகொள்ள முன்பதிவு அவசியம். பதிவு செய்யும் நாளிலிருந்து நாற்பத்தாறாம் நாள் சந்திப்பு வழங்கப்படும். இவ்விதி அனைவருக்கும் எவ்விதப் பாகுபாடுமின்றிப் பொருந்தும்.'